கானா, வெனிஸா, சான் செபாஸ்டியனா? நண்பர்களோடு ஒரு வார இறுதிக்கு ஏற்ற திரைப்பட விழா

வெளிநாட்டுக் கடற்கரை நகரமொன்றில் நடக்கும் திரைப்பட விழாவுக்கு நண்பர்கள் நான்கைந்து பேர் ஒரு வார இறுதியில் போய்வரலாம் என்ற பேச்சு எழுந்தால், முதலில் வாயில் வருகிற பெயர் கான், அடுத்தது வெனிஸ், சான் செபாஸ்டியனைச் சொல்பவர் ஒருவர் இருந்தால் அவரும் ஸ்பெயினில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்பதற்காகவே சொல்லியிருப்பார். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. விழாக்களின் புகழையோ அவை தரும் விருதுகளின் மதிப்பையோ எடைபோட்டு இந்த முடிவுக்கு வரவில்லை. திரைத்துறையில் வேலை பார்க்காத, வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பெடுத்து லண்டனிலிருந்து புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பவேண்டிய ஒரு குழு, இடைப்பட்ட நேரத்தில் எத்தனை படங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடியும், பார்த்தபின் அவற்றைப் பற்றிச் சண்டை போட எங்கே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதே இங்கே அளவுகோல்.

மூன்று விழாக்களுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செலவுக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. மூன்றுமே கடற்கரை விடுதித் தொழிலின் நலனோடு சேர்ந்து பிறந்தவை. வெனிஸ் விழாவின் முதல் திரையிடல்கள் 1932 ஆகஸ்டில் லிடோ தீவிலுள்ள எக்ஸெல்சியர் ஹோட்டலின் திறந்த தளத்தில் நடந்தன. முசோலினி அரசின் பிடிக்குள் போய்விட்ட அந்த விழாவுக்கு மாற்றாகப் பிரான்ஸ் 1939இல் ஒரு விழாவைத் திட்டமிட்டபோது, பியாரிட்ஸ் நகரோடு போட்டியிட்டு அதைத் தம் ஊருக்குக் கொண்டுவந்ததில் கான் விடுதிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. போர் குறுக்கிட்டதால் முதல் விழா 1946இல்தான் நடந்தது. சான் செபாஸ்டியன் விழாவை 1953இல் தொடங்கியவர்கள், கோடைப் பருவத்தின் வியாபாரத்தை இன்னுஞ் சில நாட்கள் இழுத்துப் பிடிக்க விரும்பிய உள்ளூர் வணிகர்கள். ஆகவே விழா நாட்களில் அறை வாடகை ஏறிக் கிடப்பதைக் கண்டு யாரும் மனம் நோக வேண்டியதில்லை. அறைகள் நிரம்ப வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே இந்த விழாக்களின் நோக்கங்களுள் ஒன்று. வாடகையில் இம்மூன்றிலும் மலிவான இடம் என்று ஒன்று இல்லை என்பதால், அந்தப் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே முறை.

கானில் கிடைப்பது குறைவு. 1983 முதல் விழா நடக்கும் மாளிகையின் முதன்மை அரங்கான லூமியேரில் ஏறத்தாழ 2,300 இருக்கைகள் இருந்தும், அவற்றில் ஒன்றைக்கூடப் பணம் கொடுத்து வாங்க முடியாது. கான் விழா அடிப்படையில் திரைத்துறையினருக்கும் பத்திரிகையாளருக்கும் உரியது. அங்கீகார அட்டை இருப்பவர்கள் மட்டுமே முன்பதிவு செய்யலாம், முதன்மை அரங்கின் மாலைக் காட்சிகளுக்கு அதற்குரிய முறையான உடையும் வேண்டும். அழைப்பிதழ் கேட்டு எழுதிய அட்டையைக் கையில் பிடித்தபடி, பட்டும் கோட்டும் அணிந்து மாளிகையின் வாசலில் மணிக்கணக்காக நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு அதிர்ஷ்டம் அடிப்பது உண்மைதான். ஆனால் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் அடிப்பதில்லை.

இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றை மறைத்துவிட்டுக் கானைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 18 முதல் 28 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று நாட்களுக்கான இலவச அங்கீகார அட்டை தருகிற திட்டம் ஒன்று உண்டு. சினிமாமீது தமக்குள்ள ஆர்வத்தை விளக்கிக் கடிதம் எழுதி ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வும் தனித்தனியாகவே நடக்கும். 1968 மே மாதக் கிளர்ச்சியால் அவ்வாண்டு விழா பாதியில் நின்றுபோனதன் தொடர்ச்சியாக, மறுஆண்டு இயக்குநர்கள் சேர்ந்து தொடங்கிய ‘இயக்குநர்களின் இருவாரம்’ என்ற தனி நிகழ்வு பொதுமக்களுக்கும் சீட்டு விற்கிறது, தேர்ந்தெடுக்கும் படங்களும் தரமானவை. இரவில் மாசே கடற்கரையில் மணலில் திரை கட்டிக் காட்டும் படங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இவ்வளவையும் சேர்த்தாலும் ஒரு வார இறுதிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று காட்சிகளும், படம் பார்க்கப் போகிறவர்களை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பும்தான். 2015இல் ஷோபாசக்தி நடித்து, பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்ட ‘தீபன்’ அங்கே தங்கப் பனை விருது பெற்றதிலிருந்து நம்மவரிடையே கான்மீது ஒரு தனி ஈர்ப்பு இருக்கிறது. அந்த ஈர்ப்பைத் தணித்துக்கொள்ள விழா இல்லாத மாதமொன்றில் போய்க் கடற்கரைச் சாலையில் உலவிவிட்டு வந்தால் போதும், அறையும் பாதி விலைக்குக் கிடைக்கும்.

வெனிஸைப் பற்றிப் பேசும்போது தயங்கவே வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல தேர்வு. உலகின் மிகப் பழமையான இந்த விழா, ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு புதன்கிழமை தொடங்கி அடுத்த வாரச் சனிக்கிழமை முடிகிறது. போட்டிப் பிரிவு உட்பட ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுமக்கள் இணையத்தில் சீட்டு வாங்கலாம். 1937இல் கட்டப்பட்ட திரைப்பட மாளிகையின் பேரரங்கில் ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகளே உள்ளதால் அங்கே நடக்கும் முதற்காட்சிகளுக்கு விலை அதிகம், விற்பனை தொடங்கிய சிறிது நேரத்தில் அவை தீர்ந்தும்போகும். ஆனால் சற்றுத் தள்ளி, விளையாட்டு அரங்கு போன்ற பெரிய கூடாரமாக அமைந்திருக்கும் பாலாபியன்னாலேயில் அதே போட்டிப் படங்கள் குறைந்த விலைக்கு ஓடுகின்றன. நண்பர்கள் அருகருகே உட்கார வேண்டுமானால் அதைத்தான் நம்ப வேண்டும். எல்லாப் படங்களுக்கும் இத்தாலிய மொழியோடு ஆங்கில வசன வரிகளும் இருக்கும். கானில் ‘தீபன்’ விருது பெற்ற அதே 2015இல் வெற்றிமாறனின் ‘விசாரணை’ இங்கே ஒரிசோந்தி என்னும் இணைப் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. அந்தப் பிரிவின் படங்களைச் சாதாரண சீட்டு வாங்கிய பார்வையாளர்களும் பார்க்கலாம் என்பதில்தான் இரு விழாக்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

வெனிஸின் குறை விழாவில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. விழா நடப்பது வெனிஸ் நகரத்தில் அன்று, லிடோ தீவில். தீவிலேயே அறை எடுக்க முடிந்தால் எல்லாம் எளிது. கார்களும் பேருந்துகளும் ஓடுகிற, மரங்கள் நிழல் தருகிற, மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிற அமைதியான ஊர் அது. ஆனால் அந்த அறைகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும், எஞ்சியவற்றின் விலையைக் குழுவில் ஒருவராவது மறுப்பார். எனவே பெரும்பாலோர் பெருநிலத்திலுள்ள மெஸ்ட்ரேயில் தங்குவார்கள். அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ வெனிஸுக்குள் வந்து, வாப்பரெட்டோ என்னும் பொதுப் படகில் ஏறி லிடோவின் படகுத்துறையில் இறங்கி, அகன்ற நிழற்சாலை வழியே கடலை அடைந்து, திரும்பி மாளிகைவரை நடந்தோ பேருந்திலோ போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். காலை ஒன்றேகால், இரவு ஒன்றேகால். இரவுப் படகு உண்டு, ஆனால் அது வரும் இடைவெளி பெரிது. நள்ளிரவில் படம் முடிந்து வெளியே வந்ததும் அதைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக எல்லாரும் கைப்பேசியில் படகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறைப் பயணத்துக்கு ஏறத்தாழ பத்து யூரோ ஆவதால் இரண்டு நாட்களுக்கான பயணச்சீட்டை வாங்கிவிடுவதே நலம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வெனிஸின் வரலாற்றுப் படகுப்போட்டி பெருங்கால்வாயில் நடக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அது விழாவின் நாட்களுக்குள்ளேயே வரும். பெருங்கால்வாய் வழியே செல்லும் படகுகள் அன்று பிற்பகல் ஓடாது, ஊர் முழுவதும் கூட்டம். ஞாயிறு மாலை விமானம் பிடிக்க வேண்டிய குழுவுக்கு இது சிறிய செய்தி அல்ல. நட்சத்திரங்களைப் பார்ப்பதுதான் விருப்பம் என்றால் முதல் வார இறுதியை விட்டுவிடக் கூடாது. அமெரிக்க நடிகர்கள் அதன்பின் டொராண்டோ விழாவை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள். படம் பார்ப்பதுதான் விருப்பம் என்றால் இரண்டாம் வாரம் அமைதியானது.

சான் செபாஸ்டியன் இவ்விரண்டையும்விடச் சிறிய விழா. போட்டிப் பிரிவின் பெயர்களை வைத்துப் பார்த்தால் ஒரு படி கீழே என்றும் சொல்லலாம். செப்டம்பர் பிற்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வாரச் சனிக்கிழமை முடியும் ஒன்பது நாள் விழா அது. வெள்ளியன்று தொடங்குவதே நம் போன்ற குழுவுக்கு முதல் வசதி: முதல் வார இறுதியே விழாவின் உச்ச நாட்களாக அமைந்துவிடுகிறது. இரண்டாவது வசதி அதன் ‘முத்துக்கள்’ பிரிவு. அவ்வாண்டு கானிலும் வெனிஸிலும் பிற விழாக்களிலும் பாராட்டப்பட்ட, ஸ்பெயினில் இன்னும் வெளியாகாத படங்களைத் தொகுத்து அந்தப் பிரிவில் காட்டுகிறார்கள். நகரத்தின் பெயரால் வழங்கும் பார்வையாளர் விருதும் அந்தப் படங்களில் ஒன்றுக்கே போகிறது, அதை வாக்களித்துத் தீர்மானிப்பவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மக்கள். மே மாதத்தில் கானில் வாசலில் நின்றும் பார்க்க முடியாத படத்தை, நான்கு மாதம் பொறுத்தால், ஊர்த் திரையரங்கில் கொடுக்கும் அளவு பணத்துக்கு இங்கே உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்பதே இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமான செய்தி. எல்லாருக்கும் முன்பாகப் பார்த்தோம் என்ற பெருமை வேண்டுபவருக்கு இது போதாது. படம் வேண்டுபவருக்குப் போதும்.

மூன்றாவது, தூரம். ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட குர்சால் என்னும் விழா மாளிகை, ஆறு கடலில் சேரும் இடத்தில் இரண்டு கண்ணாடிக் கனசதுரங்களாக நிற்கிறது. அதன் பெரிய அரங்கில் ஏறத்தாழ 1,800 பேர் உட்காரலாம். பாலத்தைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் 1912இல் கட்டப்பட்ட விக்டோரியா யூஜினியா அரங்கு. அதை அடுத்துப் பழைய நகரம். பழைய நகரத்தின் மறுபுறம் லா கொன்சா வளைகுடா. நட்சத்திரங்கள் தங்கும் மரியா கிறிஸ்டினா ஹோட்டலும் அதே சுற்றுக்குள்தான் இருக்கிறது, ஆகவே எதிர்பாராமல் யாரையாவது பார்த்துவிடும் வாய்ப்பு வெனிஸைவிட இங்கே அதிகம். சற்று விலகி, அனோயத்தா பகுதியில் உள்ள மிதிவண்டிப் பந்தய அரங்கை விழா நாட்களில் திரையரங்காக மாற்றுகிறார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஒரே திரையைப் பார்க்கும் அந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்கும் கூச்சலுக்கும் நடுவே உட்கார்ந்தால், முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது. ஒரே படம் வெவ்வேறு அரங்குகளில் பல முறை ஓடுவதால், ஒரு காட்சிக்கு ஐந்து சீட்டு கிடைக்காவிட்டால் மறுநாள் காட்சிக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் சீட்டு வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்: போட்டிப் படங்களுக்கு ஆங்கில வசன வரிகள் இருக்கும், ஆனால் பழைய படங்களின் தொகுப்பு போன்ற சில பிரிவுகளில் ஸ்பானிய மொழியில் மட்டும் இருக்கலாம், நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு காட்சிக்கும் இது குறிக்கப்பட்டிருக்கும்.

படங்களுக்கு இடைப்பட்ட நேரம் இங்கே தானாக நிரம்பிவிடுகிறது. பழைய நகரத்தின் சந்துகளில் கடைக்குக் கடை நின்றுகொண்டே ஒரு துண்டு, ஒரு குவளை என்று சாப்பிட்டு நகர்வதுதான் அவ்வூர் வழக்கம். மேசை பதிவு செய்ய வேண்டியதில்லை, ஐந்து பேருக்கு இடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, படம் பத்தரைக்கு முடிந்தாலும் அடுப்பு அணைந்திருக்காது. பிஞ்சோ எனப்படும் இந்தச் சிறு உணவுகளில் மீனும் பன்றித் தொடை இறைச்சியும் மிகுதி. சைவ நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் உருளைக்கிழங்கு முட்டை அடை, வதக்கிய காளான், பொரித்த பச்சை மிளகாய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு இரண்டு நாள் ஓட்டலாம். முட்டையும் உண்ணாதவர் சிரமப்படுவார். அந்த நண்பருக்காகவே முடிவெடுப்பதென்றால் வெனிஸே மேல், இத்தாலியில் அவருக்குப் பசி இருக்காது.

கடலைப் பொறுத்தவரை முதலிடம் லிடோவுக்குத்தான். செப்டம்பர் தொடக்கத்தில் அட்ரியாட்டிக் நீர் இளஞ்சூடாக இருக்கும், கரை ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும். ஆனால் விழா மாளிகைக்கு எதிரேயுள்ள கரையின் பெரும்பகுதி கட்டணம் வாங்கும் குளியலிடங்களின் கையில் இருக்கிறது. கானிலும் அதே கதை, மே மாத நீரோ குளிர்ந்தது. சான் செபாஸ்டியனில் கரைகள் எல்லாருக்கும் திறந்தவை. லா கொன்சா குளிப்பதற்கும், குர்சாலை ஒட்டிய சுர்ரியோலா அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கும் ஏற்றவை. அந்தப் பகுதியில் மழை அடிக்கடி பெய்யும், செப்டம்பர் இறுதியில் வெயிலுக்கு உத்தரவாதம் கிடையாது. மழை வந்தால் இன்னொரு படம் பார்க்கலாம் என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போய்ச் சேரும் வழியில் மூன்றும் ஏறக்குறைய சமம். லண்டனிலிருந்து நீஸ், வெனிஸ், பில்பாவோ மூன்றுக்கும் இரண்டு மணி நேரம் அளவில் விமானங்கள் உண்டு; நீஸிலிருந்து கானுக்கு ரயில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல், பில்பாவோ விமான நிலையத்திலிருந்து சான் செபாஸ்டியனுக்குப் பேருந்து ஒன்றேகால் மணி நேரம். பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும் பியாரிட்ஸ் விமான நிலையம் இன்னும் அருகில். பாரிஸில் இருப்பவர்களுக்கு விமானமே தேவையில்லை: மொன்பர்னாஸ் நிலையத்தில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் எல்லையூரான ஹெந்தாய், அங்கிருந்து சிறு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் சான் செபாஸ்டியன். அந்த எல்லையில் பிரெஞ்சுக் காவலர் சோதனை அவ்வப்போது நடப்பதால் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்கக் கூடாது.

நம் குழுக்களில் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது கடைசியில் பாஸ்போர்ட்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் வாழ்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கட்டணம் 90 யூரோ. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். நேர்காணல் நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் அந்தப் பதினைந்து நாள் கணக்கை நம்பக் கூடாது. பியாரிட்ஸில் இறங்கினாலும் தங்குவது ஸ்பெயினில் என்றால் விண்ணப்பிக்க வேண்டியது ஸ்பெயினிடமே. மே மாத விழாவுக்குக் குளிர்காலம் முடியும்போதே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். செப்டம்பர் இறுதி விழாவுக்குக் கோடைக்காலம் முழுவதும் கையில் இருக்கும். இது சான் செபாஸ்டியனுக்குச் சாதகமான இன்னொரு காரணம்.

சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ இதே திட்டத்தைப் போடுபவர்களுக்கு ஐரோப்பா வார இறுதிப் பயணமே அன்று. அவர்கள் பார்க்க வேண்டியது தென்கொரியாவின் பூசான். 1996இல் தொடங்கிய அந்த விழாவும் பொதுமக்களுக்குச் சீட்டு விற்கிறது, ஹேவுண்டே கடற்கரை விழா மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, நாலாயிரம் பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கும் உண்டு. 2025இல் விழா செப்டம்பர் 17க்கு முன்னகர்த்தப்பட்டு முதல் முறையாக முதன்மைப் போட்டிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்தே ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும் என்பதால் இரண்டு நாள் விடுப்பாவது எடுக்காமல் போவதில் பொருளில்லை.

ஆக, லண்டன் குழுவுக்கு என் பரிந்துரை சான் செபாஸ்டியனின் முதல் வார இறுதி. குழுவில் எல்லாரும் இருபத்தெட்டு வயதுக்குள் இருந்து, ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போனாலும் மனத்தாங்கல் வராது என்ற உறுதி இருந்தால் கானுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். லிடோவிலேயே வீடொன்றைப் பகிர்ந்து எடுக்கும் வசதி அமைந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே வெனிஸை முன்னே வைப்பேன். சான் செபாஸ்டியன் என்று தீர்ந்தால், இலவசமாக இரத்து செய்யக்கூடிய அறையை வசந்த காலத்திலேயே எடுத்துவிட வேண்டும்; நகரத்துக்குள் கிடைக்காவிட்டால் ரயிலில் அரைமணி நேரத்துக்குள் போகக்கூடிய இருன் இருக்கிறது. விசா வேண்டியவர் ஜூன் மாதத்துக்குள் விண்ணப்பிக்கட்டும். சீட்டு விற்பனை விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும். அதற்குமுன் எந்தெந்தப் படம் என்பதைக் குழு முடிவு செய்து, வாங்கும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும், அந்த ஒருவர் எதை வாங்கினாலும் குறை சொல்வதில்லை என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமைக்கு மூன்று படங்கள், ஞாயிறு காலைக்கு ஒன்று. அதற்கு மேல் வாங்கிய சீட்டுகள் பெரும்பாலும் பழைய நகரத்துச் சந்துகளில்தான் வீணாகும்.